மலையில் தொடங்குவதா, கீழே இறங்குவதா: நீலகிரி, பழனி மலை, கோவை ஒப்பீடு

கேள்வியின் சுருக்கம் இது. குன்னூரை ஒட்டிய, ஹட்டி எனப்படும் படுகர் ஊரைச் சேர்ந்த நண்பர்கள் இருவர். ஒருவருக்கு மென்பொருள் தெரியும், இன்னொருவருக்கு மின்னணுவியல். தேயிலை, மலைக்காய்கறித் தோட்டங்களுக்காக மண் ஈரம், உறைபனி, பச்சைத் தேயிலை எடை மூன்றையும் கவனித்துச் சொல்லும் கருவியும் செயலியும் செய்யப்போகிறார்கள். நிறுவனத்தை நீலகிரியிலேயே தொடங்குவதா, பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் தோதுப்படுமா, கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு முகவரியும் களவேலையும் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கட்டும். பட்டறை கோவையில் இருக்கட்டும். கொடைக்கானல் உங்களுக்கு இரண்டாம் ஆண்டுச் சந்தை, முதல் முகவரி அல்ல. பெங்களூர் இப்போதைக்கு வேண்டாம்.

ஊர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை முதலீட்டாளர், எத்தனை இன்குபேட்டர் (புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம்) என்று எண்ணுகிறார்கள். கருவி செய்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு இரண்டாம்பட்சம். முதல் பத்து வாடிக்கையாளரிடம் போய்ச் சேர எத்தனை மணி நேரம், பழுதான மின்சுற்றுப் போர்டைச் சரிசெய்து திரும்ப மாட்ட எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் கூட்டிப் பாருங்கள். முதல் ஆண்டில் களத்தில் வைத்த கருவிகளில் ஏதாவது ஒன்று வாரம் ஒருமுறை செத்துப்போகும். அதைப் பார்க்க ஒரு நாள் முழுக்கப் பயணம் என்றால் மூன்றாவது மாதத்தில் நீங்களே போவதை நிறுத்திவிடுவீர்கள். விவசாயியும் கருவியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் 34 கிலோமீட்டர். கோவை மொத்தம் 70 கிலோமீட்டர் அளவில். வழக்கமான நாளில் இரண்டரை மணி நேரம். காலையில் இறங்கி, வேலையை முடித்து, இருட்டுவதற்குள் ஏறிவிடலாம். கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பழனி வழியாகக் கோவை என்றால் 170ஐ ஒட்டி வரும், ஐந்து மணி நேரம் ஆகும். போய்வரவே ஒரு நாள் கரைந்துவிடும். பெங்களூர் உதகையிலிருந்து 270 கிலோமீட்டர் சொச்சம். பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடியிருப்பதால், அங்கே நேரம் தவறினால் மறுநாள்தான்.

இப்போது வாடிக்கையாளர் பக்கம். தேயிலைக்கு வேண்டிய எல்லாரும் குன்னூரைச் சுற்றியே இருப்பது வேறு எந்த மலைக்கும் வாய்க்காத வசதி. தேயிலை வாரியத்தின் தென்னிந்திய அலுவலகம், ஏல மையம், தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் தலைமையகம் ஆகியவை ஒரே ஊரில். தேயிலைக் கூட்டுறவு இணையமான இன்ட்கோசர்வின் கீழ் வரும் 16 தொழிற்சாலைகள் மாவட்டத்துக்குள். உருளைக்கிழங்குக்கு முத்தொரை ஆராய்ச்சி நிலையம், மண் பாதுகாப்புக்கு உதகையில் மத்திய ஆராய்ச்சி மையம், கோதுமைக்கு வெலிங்டனில் ஒரு நிலையம். உங்கள் கருவி காட்டும் அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகம் உள்ளவர்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். இந்த வசதியை விட்டுவிட்டுப் பெங்களூரில் மேசை வாடகைக்கு எடுப்பதில் எந்த லாபமும் இல்லை.

ஆனால் யாரிடம் விற்பது என்பதில் தெளிவு வேண்டும். சிறு தேயிலை விவசாயிகள் பெரும்பாலும் ஓரிரு ஏக்கர்காரர்கள். பசுந்தேயிலை விலைக்காக ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருப்பவர்களிடம் மாதச் சந்தா கேட்டு நிறுவனம் நடத்த முடியாது, கேட்கவும் கூடாது. பணம் கொடுக்கக்கூடியவர் தொழிற்சாலைக்காரர். அவருக்கு எடைக் கணக்கு தலைவலி. 100 கிலோ பசுந்தேயிலையிலிருந்து 22 முதல் 25 கிலோ தூள்தான் வரும். கொள்முதல் இடத்தில் ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதில்தான் விவசாயிக்கும் இலை வாங்குகிறவருக்கும் சண்டை. ஆகவே செயலியில் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் தனித்தனியாகப் பதிவாகி, அந்த நிமிடமே விவசாயியின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். நிகர எடையை மட்டும் காட்டும் செயலியை எவரும் நம்ப மாட்டார்கள். நம்பாததும் நியாயம்தான்.

இதில் இரண்டு இடங்களில் எல்லாரும் சறுக்குகிறார்கள். முதலாவது தராசு. மின்னணுத் தராசைத் திறந்து லோடு செல்லில் (எடையை உணரும் பாகம்) நேரடியாகக் கம்பி இழுக்காதீர்கள். எடையளவுச் சட்டப்படி வைத்த முத்திரை உடைந்தால் அந்தத் தராசில் வியாபாரம் செய்வதே குற்றம். முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆர்.எஸ். 232 என்ற கம்பிவழித் தரவு வெளியீடோ ப்ளூடூத்தோ தராசிலேயே இருக்கும் மாதிரியை வாங்கி, வெளியே வரும் எண்ணை மட்டும் படியுங்கள். இரண்டாவது குறுஞ்செய்தி. வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப நிறுவனத்தின் பெயர்க்குறியையும் வாசக மாதிரிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவில் உள்ள வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி தடுக்கப்படும். தமிழ் வாசகத்தை யூனிகோடாகவே பதியுங்கள்; யூனிகோடில் ஒரு செய்திக்கு 70 எழுத்துகள்தான், உயிர்மெய்யில் வரும் குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். செலவுக் கணக்கில் இதைச் சேர்க்காமல் பிறகு திண்டாடுகிறவர்கள் அதிகம்.

கொழுந்து பெருகும் மாதங்களில் தொழிற்சாலைக்காரரிடம் டெமோவுக்கு நேரம் கேட்காதீர்கள். இலை குறைந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போச்சு.

உறைபனிக் கருவிக்கு நீலகிரி நல்ல சோதனைக்களம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். அதே இரவில் மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பித்துவிடும். ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே தரையில் உறைபனி விழுந்திருக்கும், ஏனென்றால் தெளிந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்து புல்மட்டம் காற்றைவிட அதிகமாகக் குளிர்கிறது. எனவே உணரியைப் பயிரின் நுனி மட்டத்தில் வையுங்கள். கேரட் பாத்தியென்றால் தரையிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர். எச்சரிக்கை இரவு 8 மணிக்குள் போக வேண்டும். விடிகாலை 4 மணிக்குப் போகும் எச்சரிக்கையால் எந்தப் பயனும் இல்லை, அதற்குள் ஸ்பிரிங்க்ளருக்கு ஆள் ஏற்பாடு செய்ய முடியாது. ஊர் ஊராக வரும் வானிலை முன்னறிவிப்பில் இல்லாத நுணுக்கம் இது. இதை ஒழுங்காகச் செய்தாலே உங்கள் பொருள் விலைபோகும்.

மண் ஈர உணரிக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் கெப்பாசிட்டிவ் உணரி எந்த மண்ணுக்கு அளவு திருத்தப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இங்கே தேயிலை மண் புளிப்பு மண், மட்கிய இலைதழைச் சத்து அதிகம். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மண் எடுத்து, எடை போட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டுக் கிடைக்கும் ஈரத்தோடு உணரியின் எண்ணைப் பொருத்துங்கள். உலர்ந்த நிலையிலிருந்து நீர் சொட்டும் நிலை வரை ஐந்து புள்ளிகளாவது வேண்டும். இதைச் செய்யாத கருவி, மழை பெய்ததா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும்.

மலை, கருவிகளை எப்படிக் கொல்கிறது என்பதைச் சமவெளியில் இருக்கும் வடிவமைப்பாளர்கள் அறிவதில்லை. தூசியும் நீரும் புகாத ஐ.பி. 67 தரப் பெட்டி மழையைத் தடுக்கும். ஆனால் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து, கேபிள் நுழையும் இடத்தின் வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். பத்து நாளில் உள்ளே வியர்த்து நீர் கோத்துவிடும். இதற்குக் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் வென்ட் பிளக் ஒன்று, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று, போர்டின் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் எனும் மெல்லிய காப்புப் பூச்சு என மூன்றும் வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண். கேபிள் நுழைவு பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும், கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள். எலி கடிக்காமல் உலோகக் குழாய் போடுங்கள். காட்டுமாடு கம்பத்தில் உடம்பைத் தேய்க்கும். கம்பத்தை வேலியை ஒட்டியோ பெரிய மரத்தை அண்டியோ நடுங்கள், திறந்த வெளியில் தனியாக நிற்க விடாதீர்கள்.

மின்சாரக் கணக்கை மழைக்காலத்துக்குப் போடுங்கள். குந்தா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்கில் வெயில் தெரியாது. ஏழு நாள் சூரியன் இல்லாமல் ஓடும் என்று வைத்துக்கொண்டு வடிவமையுங்கள். சராசரி 1 மில்லி ஆம்பியர் எடுக்கும் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் ரேடியோ) உணரிக்கு ஏழு நாளுக்கு 168 மில்லி ஆம்பியர் மணி போதும். 2,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒற்றை செல் தாராளமாகத் தாங்கும். அதே இடத்தில் 4ஜி கேமரா வைத்தால் 5 வோல்ட்டில் சராசரி 150 மில்லி ஆம்பியர் என்றாலும் நாளொன்றுக்கு 18 வாட் மணி, ஏழு நாளுக்கு 126 வாட் மணி. அதற்கு 12.8 வோல்ட், 12 ஆம்பியர் மணி பேட்டரியைக் கம்பத்தில் கட்ட வேண்டியிருக்கும். செலவும் எடையும் பல மடங்கு. அதனால் முதல் ஆண்டு கேமரா ஆசை வேண்டாம். இன்னொன்று, லித்தியம் செல்லைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து கெட்டுப்போகும். உறைபனி விழுந்த காலையில் முதல் வெயில் பட்டதும் சோலார் தகடு சார்ஜ் செய்யத் தொடங்கும் நேரம்தான் ஆபத்து. செல்லின் வெப்பநிலையைப் பார்த்துச் சார்ஜை நிறுத்தி வைக்கும் சுற்று கட்டாயம்.

ரேடியோ விஷயத்தில் மலை பாதி வரம், பாதி சாபம். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத அலைவரிசை. உணரிகளின் தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வேயை மேட்டில் வைத்தால் எதிர்ச்சரிவு முழுவதும் கிடைக்கும். அதே மேட்டின் முதுகுப்புறச் சரிவில் சிறிது தூரத்திலேயே சிக்னல் அற்றுப்போகும். மழையில் நனைந்த சில்வர் ஓக் வரிசைகள் சிக்னலை இன்னும் குறைக்கும். ஆகவே கோடையில் அளந்து இடம் முடிவு செய்யாதீர்கள், மழை நாளில் அளந்து முடிவு செய்யுங்கள். ரேடியோ மாட்யூலை ஏற்கெனவே அனுமதி பெற்றதாக வாங்கினால் அங்கீகார வேலை வெகுவாகக் குறையும்.

அலுவலக இணையத்தைப் பற்றி எல்லாரும் கேட்பது வேகத்தை. மலையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் ஃபைபர் எந்த மலைப்பாதை வழியாக ஏறுகிறது? குன்னூர் பாதை, கோத்தகிரி பாதை இரண்டுமே மேட்டுப்பாளையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டு நிறுவனத்தின் இணைப்பை வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், இரண்டும் பர்லியாறு வழியாகவே வருவதை மண் சரிந்த அன்றுதான் அறிகிறார்கள். சாலை விரிவாக்கத்தில் ஜே.சி.பி. ஒரு கொத்து கொத்தினால் இரண்டும் போகும். ஒன்று குன்னூர் பாதை, மற்றொன்று கோத்தகிரி பாதை என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு கைப்பேசி இணைப்பு. சேவையகத்தை மலையில் வைக்கவே வேண்டாம். கேட்வே இரண்டு நாள் தகவலைத் தன்னிடமே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்புமாறு எழுதுங்கள்.

மழைக்காலம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்திருப்பது இடம் தேர்வதில் முக்கியம். மேற்கே கூடலூர், தேவாலா, குந்தா பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவம். 2009 நவம்பர் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அலுவலகம் கிழக்கில், சோதனைத் தோட்டங்களில் பாதி மேற்கில் என்று வைத்தால் ஓர் ஆண்டில் இரண்டு மழைக்கும் கருவியைச் சோதித்துவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோவைப் பயணத்தை நம்பி எந்த நாளையும் திட்டமிடாதீர்கள். உதிரிப் பொருள்களைச் செப்டம்பரிலேயே மேலே ஏற்றிவிடுங்கள்.

கட்டடம் கட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். மலைப்பகுதி என்பதால் உயரத்துக்கும் பரப்புக்கும் கட்டுப்பாடு உண்டு, பெரிய கட்டடத்துக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும ஒப்புதல் வரை போக வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது மூன்று தாள்களைப் பாருங்கள்: பட்டா, கட்டட அனுமதி, மின் இணைப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது. வீட்டு இணைப்பில் அலுவலகம் நடத்தினால் மின்வாரியம் வணிகக் கட்டணத்துக்கு மாற்றும், வித்தியாசத்தையும் வசூலிக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் பிரிவு 17 நிலமா என்று கட்டாயம் கேளுங்கள். 1969ஆம் ஆண்டு ஜென்ம நிலச் சட்டத்தின் கீழ் முடிவாகாமல் கிடக்கும் அந்த நிலங்களில் மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. தலைமுறைகளாக அங்கே வாழ்கிறவர்களுக்கே அந்தக் கதி என்பது வேதனையான விஷயம். புதிதாக ஒரு நிறுவனத்தை அதில் மாட்டிவைக்காதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஏப்ரல், மே சீசனில் வீட்டுக்காரர் உங்களைக் கிளப்பிவிட்டு நாள் வாடகைக்கு விட நினைப்பார். 11 மாத ஒப்பந்தம் மார்ச்சில் முடியாதபடி ஜூலையில் தொடங்குங்கள்.

ஆள் விஷயத்தில் மலைக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. உதகை அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ், கேத்தி பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் படித்து வருகிறவர்களில் பலருக்கு ஊரிலேயே இருக்க ஆசை. களவேலை, வாடிக்கையாளர் உதவி, மென்பொருள் சோதனை, தரவு சீராக்கம் இவற்றுக்கு நல்ல ஆள்கள் கிடைப்பார்கள், சீக்கிரம் விட்டுப் போகவும் மாட்டார்கள். படுகு பேசத் தெரிந்தவர் ஒருவர் களக்குழுவில் இருந்தால் ஹட்டிகளில் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் எட்டுப் பத்தாண்டு அனுபவமுள்ள பின்புல மென்பொருளாளரை மலையில் தேடாதீர்கள். அவர் கோவையிலோ சென்னையிலோ இருந்தபடி வேலை செய்யட்டும். அலுவலக நேரத்தை மாலை 5 மணிக்கு முடியுங்கள். இருட்டிய பின் கோத்தகிரி, குன்னூர் சாலைகளில் கரடியும் காட்டுமாடும் நடமாடும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண் ஊழியருக்கு வேறு வழி இல்லை. அமெரிக்க நேரத்துக்கு இரவு வேலை தரும் தொழில் என்றால் மலை சரிப்படாது என்றே சொல்வேன்.

கோவை பட்டறை எதற்கு? ஷீட் மெட்டல், பிளாஸ்டிக் அச்சு, போர்டு அசெம்பிளி, மோட்டார், பம்பு எல்லாம் பீளமேடு, கணபதி, குறிச்சி தொழிற்பேட்டை வட்டத்துக்குள் முடியும். 50 பெட்டி மட்டும் வேண்டும் என்றாலும் செய்து தருகிற சிறு பட்டறைகள் அங்கே இருப்பது பெரிய வரம். பி.எஸ்.ஜி. ஸ்டெப், ஃபோர்ஜ், வேளாண் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப இன்குபேட்டர் மூன்றும் வெவ்வேறு குணம். உங்களுக்கு முதலில் போக வேண்டியது வேளாண் பல்கலைக்கழகம். கருவி உற்பத்திக்கு வரும்போது மற்ற இரண்டு. இன்குபேட்டரில் உறுப்பினராகிச் சோதனைக் கருவிகளையும் ஒரு மேசையையும் பெறுங்கள். தனி வாடகை வேண்டாம்.

பதிவுக்கு வருவோம். வெளி முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட்தான். இல்லையென்றால் எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) போதும். பிரைவேட் லிமிடெட் ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் ஆண்டுத் தணிக்கை கட்டாயம், எல்.எல்.பி.க்கு விற்றுமுதல் 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டினால்தான். பிரைவேட் லிமிடெட் தொடங்கி 180 நாளுக்குள் பங்குப்பணத்தை வங்கியில் போட்டு, தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்து அபராதம் கட்டுகிறவர்கள் ஏராளம். அடுத்தது மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம், கட்டணமில்லை. அதை வைத்துக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். பிறகு மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பில் பதிவு.

பதிவு முகவரி தமிழ்நாட்டில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மாநில அரசின் தொடக்க நிதியான டான்சீட் திட்டத்தில் 10 லட்சம், பெண்கள் தலைமை தாங்கும் நிறுவனம், கிராமப்புற வாழ்வாதாரம், பசுமைத் தொழில்நுட்பம் என்றால் 15 லட்சம் வரை கிடைக்கும். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. உங்கள் பொருள் கிராமப்புற வகைக்குள் வரும், விண்ணப்பத்தில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர் பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மாநில அரசின் தனி நிதி இருக்கிறது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பழங்குடி இளைஞர்களிடம் இந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முன்மாதிரிக் கருவிக்கு மத்திய அரசின் நிதி பிரயாஸ் 10 லட்சம் வரை தரும். அங்கீகாரம் பெற்ற மையம் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். கர்நாடகத்தின் எலிவேட் மானியம் 50 லட்சம் வரை என்பது கவர்ச்சிதான். ஆனால் அது கர்நாடகத்தில் பதிவான நிறுவனத்துக்கு. அதற்காக முகவரியை மாற்றினால் இங்கே உள்ளதெல்லாம் போய்விடும், உங்கள் வாடிக்கையாளரோ இந்த மலையில்தான் இருக்கிறார்.

கொடைக்கானல் யாருக்குச் சரி? பயிர் தேயிலை அல்லாதவர்களுக்கு. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் பூண்டும் கேரட்டும் உருளையும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி, மிளகு, மலைவாழை. தாண்டிக்குடியிலேயே காபி ஆராய்ச்சி நிலையமும், அருகே தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பூண்டின் சந்தை வடுகபட்டியில், காய்கறி ஒட்டன்சத்திரத்தில். எனவே அங்கே தொடங்குகிறவர் கோவையைப் பார்க்காமல் மதுரையைப் பார்க்க வேண்டும்: வேளாண் கல்லூரியில் மாபிஃப் இன்குபேட்டர், தொடக்க நிலையிலேயே பணம் போடும் ஏஞ்சல் முதலீட்டாளர்களைச் சேர்க்கும் நேட்டிவ்லீட், திண்டுக்கல் அருகே காந்திகிராமப் பல்கலைக்கழகம். ஆனால் தேயிலைபோல ஒரே கூரையின் கீழ் வாங்குகிறவர் அங்கே இல்லை. நூறு வியாபாரி, ஆயிரம் விவசாயி. கருவியை யாருக்கு விற்பது என்பதிலேயே ஓராண்டு போகும். மேல்மலையில் கைப்பேசி சிக்னலும் விட்டுவிட்டுத்தான். காபி உலர்களம், பூண்டு சேமிப்புக் கிடங்கு இவற்றின் ஈரத்தை அளக்கும் கருவி என்றால் கொடைக்கானலையே முதலாகச் சொல்லியிருப்பேன்.

அந்த மலையில் உற்பத்தி என்ற சொல்லை எடுத்தாலே மக்கள் முகம் மாறும். பாதரச வெப்பமானி ஆலை சோலைக்குள் விட்டுச் சென்ற நஞ்சும், 2001இல் அது மூடப்பட்ட பின் தொழிலாளர்கள் 2016 வரை போராடியே இழப்பீட்டுக்கு உடன்பாடு கண்டதும் மறக்கக்கூடியதல்ல. இரண்டு மலைக்கும் சேர்த்தே சொல்கிறேன்: சாலிடரிங், பேட்டரி பேக் கட்டுவது எல்லாம் கீழே. மலையில் பழுது பார்த்தால் கழிந்த செல்களைக் கணக்கெழுதிக் கீழே இறக்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். இங்கே கசிவது பெரும்பாலும் பவானிக்கோ வைகைக்கோ போய்ச் சேரும்.

தென்காசியைப் பாருங்கள், கிராமத்திலிருந்தே உலகத்துக்கு மென்பொருள் விற்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜோஹோ 2011இல் அங்கே போனபோது அதற்கு வாடிக்கையாளரும் லாபமும் ஏற்கெனவே இருந்தன. கையில் பணமுள்ள நிறுவனம் கிராமத்துக்கு ஆள்சேர்க்கப் போவதும், பணமில்லாத இருவர் முதல் வாடிக்கையாளரைத் தேடுவதும் ஒன்றல்ல. பொருள் வெறும் மென்பொருளாக இருந்து, வாங்குகிறவர் வெளிநாட்டில் இருந்தால் உங்கள் ஹட்டி வீட்டிலிருந்தே நடத்தலாம். அப்போது மலையா சமவெளியா என்ற கேள்விக்கே இடமில்லை.

ட்ரோன் எண்ணம் இருந்தால் முதலில் மத்திய அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பாருங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, முதுமலைப் புலிகள் காப்பகம் எல்லாம் அருகருகே இருப்பதால் பறக்க அனுமதியுள்ள இடம் வரைபடத்தில் கொஞ்சமே மிஞ்சும். உணவுப் பொருள் செய்கிறவர்கள் கவனத்துக்கு: உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், சமவெளிச் செய்முறையின் கொதிநேரத்தை அப்படியே எடுத்தால் கிருமிகள் சில தப்பிவிடலாம். காற்றின் அடர்த்தியும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறியால் குளிரும் கருவிகளை இன்னும் பெரிய வெப்பத்தகட்டோடு வடிவமையுங்கள்.

வெளியூர் முதலீட்டாளரோ பங்குதாரரோ வந்தால் இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் இரண்டு மலைகளுக்கும் இது நடைமுறை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏப்ரல் முதல் ஜூன் வரை யாரையும் சனி ஞாயிறில் வரச்சொல்லாதீர்கள். செவ்வாய், புதன் நல்லது.

காலவரிசையாகச் சொன்னால், ஜூலையில் வாடகை ஒப்பந்தமும் நிறுவனப் பதிவும். ஆகஸ்டில் பத்துக் கருவியோடு மேற்கே மழைச் சோதனை. செப்டம்பரில் கோவையில் பெட்டியையும் சுற்றையும் திருத்தி, 40 கருவி செய்து மேலே ஏற்றுதல். அக்டோபர், நவம்பரில் கிழக்கே மழைச் சோதனை. டிசம்பர் முதல் வாரத்துக்குள் உறைபனி உணரிகள் தாழ்வான இடங்களில் நின்றிருக்க வேண்டும். ஜனவரி 15க்குப் பின், அந்த ஆறு மாதப் பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்காரர்களைப் பாருங்கள். எத்தனை கருவி செத்தது, ஏன் செத்தது என்ற பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். அவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.